முப்பந்தல் காத்து நம்மளுது, வேலை யாருக்கு?



ஆரல்வாய்மொழி கணவாயில ஆடிக்காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? குடை தாங்குமா? அந்தக் காற்றை நம்பித்தான் 1980-களிலேயே முப்பந்தலில் காற்றாலை வந்தது. இன்று நாட்டின் மிகப் பெரிய காற்றாலைப் பண்ணைகளில் அதுவும் ஒன்று.

2070-க்குள் கார்பன் உமிழ்வை நிகர பூஜ்யமாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா வாக்குக் கொடுத்தது. 2024 ஜூனில் கடல் காற்றாலைகளுக்காக ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கியது 7,453 கோடி ரூபாய். தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத்தில் 500. சரி, வரட்டும்.

ஆனா நம்ம பிள்ளைகள் இன்னும் வளைகுடாவுக்குத்தானே விமானம் ஏறுறாங்க? பழைய சின்னக் காற்றாலையைக் கழற்றிப் பெரிசா வைக்க 2024-லேயே மாநில அரசு கொள்கை கொண்டு வந்தாச்சு. கழற்ற, மாட்ட, பராமரிக்க ஆள் வேணும்ல? கோணம் ஐ.டி.ஐ.யில் படிச்ச பிள்ளைக்கு அதில் முதல் இடம் வேணும். அதுவும் ஒப்பந்தக் கூலியா இல்லை, நிரந்தர வேலையா!

இன்னொண்ணு. கடலில் தூண் நடும் முன்னால மீனவ ஊர்களில் வந்து உக்காந்து பேசணும். வலை விரிக்கிற இடம் எதுன்னு கோப்புல இருக்காது, அவங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த கிராம சபையில இந்த ரெண்டையும் தீர்மானமா வைங்க.