தங்க மீனுக்கு எந்தத் தண்ணீர்?



பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும். பழைய நாற்காலி, பழைய ஃபேன், பூச்செடி, புறா எல்லாவற்றையும் தாண்டி வந்துவிடலாம். பிளாஸ்டிக் கவரில் கட்டித் தொங்கவிட்ட வண்ண மீன்களைத் தாண்டி மட்டும் வர முடியாது. அங்கே தப்பித்தாலும் தாம்பரத்திலோ சேலையூரிலோ மேடவாக்கத்திலோ ஒரு வண்ண மீன் கடை காத்திருக்கும். ஒன்றரை அடித் தொட்டி, ஒரு ஆக்ஸிஜன் மோட்டார், நீலக் கல் ஒரு பாக்கெட், நாலு தங்க மீன். அன்று சாயங்காலமே தண்ணீர் நிரப்பி, விளக்குப் போட்டு, மீனையும் விட்டாகிவிடும்.

முதல் சில நாள் வீடே தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும். அடுத்த வாரம் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் மிதக்கும். பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக. அப்போது வீட்டுப் பெரியவர் யாராவது சொல்வார்: "விடும்மா, நமக்கு வர இருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு." ஆறுதலுக்கு நல்ல பேச்சுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த மீனைக் கொன்றது அம்மோனியா.

மீன் தன் உடம்புக் கழிவை அம்மோனியாவாகத்தான் வெளியேற்றுகிறது, பெரும்பகுதியைச் செவுள் வழியாகவே. தின்னாமல் அடியில் கிடக்கும் தீனி அழுகினாலும் அதேதான். குளத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கல்லிலும் சேற்றிலும் ஒட்டியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் கொஞ்சமாக இருந்தாலே விஷம். மூன்றாவதை மீன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இந்த வேலையைச் செய்வது உயிருள்ள பாக்டீரியாதான் என்று அவற்றைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி, 1890 வாக்கில். கடையிலிருந்து வந்த புதுத் தொட்டியில் கண்ணாடி பளபளக்கும், கல் பளபளக்கும், தண்ணீரும் பளபளக்கும். பாக்டீரியா மட்டும் இருக்காது. அது தானாக வந்து, பெருகி, ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நாம் மீனை விடுவதோ முதல் நாளே.

அவசரக்காரர்களுக்கும் ஒரு வழி உண்டு. பாலில் உறை மோர் ஊற்றுகிற மாதிரிதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் போய், அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வைத்தால் போதும். அந்தப் பழுப்பு அழுக்கைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், கடையில் வாங்கிய எல்லாவற்றையும்விட மதிப்புள்ள பொருள் அது. அப்படி நண்பர் இல்லையென்றால், மீன் இல்லாமலேயே தொட்டியை ஓட விடுங்கள், தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளக்கும் பரிசோதனைச் சொட்டு மருந்து பெரிய மீன் கடைகளில் கிடைக்கிறது. தீனி போட்டுக்கொண்டே வந்தும் இரண்டும் முதலில் ஏறி, பிறகு சைபருக்கு இறங்கினால் மீனை விடலாம். வெறும் தண்ணீருக்குத் தீனி போடுவதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தாம்பரம், குரோம்பேட்டை, சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கத்து வீடுகளில் ஒரே தண்ணீர் வருவதில்லை. போர் தண்ணீர், மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர், குடிக்க இருபது லிட்டர் கேன். இதில் மீனுக்கு எது?

பாசம் அதிகமுள்ளவர்கள் கேன் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நமக்கு நல்லது மீனுக்கும் நல்லது என்ற எண்ணம். கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. இயந்திரத்தில் உப்புகளில் பெரும்பகுதியை நீக்கிய தண்ணீர். தன் உடம்பு உப்பைக் காப்பாற்றவே மீன் அதில் கூடுதலாகப் பாடுபட வேண்டும். பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரில் அமிலம் சேரும். அதைத் தடுத்து நிறுத்தக் கேன் தண்ணீரில் அநேகமாக ஒன்றும் கிடையாது. கொஞ்ச நாளில் தண்ணீர் புளித்து, பாக்டீரியா படுத்துவிடும்.

நாம் திட்டித் தீர்க்கும் போர் தண்ணீர்தான் தங்க மீனுக்கு ஏற்றது. வாளியில் வெள்ளையாகப் படிந்து, ஹீட்டர் காயிலைத் தின்று, தலைமுடியைக் கொட்ட வைக்கிறது என்று புகார் சொல்கிறோமே, அதே தண்ணீர். நம் காலடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை வகைதான் என்று கண்டு, அந்தப் பெயரை 1893-ல் வைத்தார் ஹாலண்ட் என்ற புவியியலாளர். அந்தப் பாறை வெடிப்புகளில் கிடந்து ஊறி வரும் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்திருக்கும். கெண்டை இனத்தைச் சேர்ந்த தங்க மீனுக்குக் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். வாய்க்குக் கரிக்கும் அளவு உப்பு இருந்தால் மட்டும் வேண்டாம்.

ஆனால் இதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. போர் தண்ணீர் பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. கடைக்காரர் பி.எச். என்று சொல்வாரே, அது 8-ஐ ஒட்டி இருந்தால் அம்மோனியாவின் கடி கூடும். 30 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. 8 என்றால் நூற்றில் ஏழு பங்கைத் தாண்டிவிடும். அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு. அதனால்தான் நம் பக்கத்தில் தொட்டியைக் காலியாக ஓட விடும் அந்த ஒரு மாதத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன். பாக்டீரியா நிலைத்துவிட்டால் அப்புறம் இதே காரத்தன்மை அதற்குக் காவல்.

போர் தண்ணீரைப் பிடித்தவுடன் ஊற்ற வேண்டாம். பூமிக்கடியிலிருந்து வருவதால் அதில் ஆக்ஸிஜன் குறைவு, சில இடங்களில் இரும்பும் இருக்கும். ஒரு இரவு அகலமான பாத்திரத்தில் காற்றுக்குழாய் போட்டு வைத்தால் போதும். குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கிறதா என்று பாருங்கள். குளோரின் செவுளையும் எரிக்கும், பாக்டீரியாவையும் கொல்லும். அதே ஒரு இரவு முறை இதற்கும் சரி. அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டுகள். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். தொட்டி முழுவதையும் கவிழ்த்து, கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதிதாக நிரப்புகிறவர்கள் ஒவ்வொரு முறையும் முதல் நாளுக்கே திரும்பிப் போகிறார்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் காட்டாமல், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் ஒரு முறை பிழிந்தால் போதும்.

மே மாதத்தில் மதியம் தண்ணீர் மாற்ற வேண்டாம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் நமக்கே கை சுடும். தங்க மீன் குளிர்ந்த தண்ணீர் மீன். சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குளங்களில் வளர்த்துப் பழக்கப்பட்ட இனம். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். வெப்பம் கூடக் கூட மீனுக்குத் தேவையும் கூடும். மீனம்பாக்கத்தில் வெயில் 40-ஐத் தாண்டுகிற நாட்களில் விளக்கை அணைத்து, மூடியைத் திறந்து வலை போட்டு, மேலே ஒரு ஃபேன் காற்று படும்படி வையுங்கள்.

தொட்டி அளவைச் சொல்லிவிடுகிறேன். நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஒவ்வோர் அடி என்றால் 56 லிட்டர்தான் கொள்ளும். அதில் இரண்டு குட்டிகளோடு தொடங்கலாம், கடைசிவரை வைத்திருக்க முடியாது. நல்ல கவனிப்பில் பத்துப் பதினைந்து வருடம் வாழும் மீன் இது, ஓரண்டா போன்ற உருண்டை வகைகூட ஒரு சாண் நீளத்துக்கு வளரும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றை மீனை வைப்பது சினிமாவில் மட்டும் இருக்கட்டும்.

தீனி விஷயத்தில் எனக்குத் தாத்தா பாட்டிகள்மீதுதான் பயம். தொட்டி அருகே யார் போனாலும் தங்க மீன் கண்ணாடிக்கு ஓடிவந்து வாயை அசைக்கும். "பாவம், பசிக்குது" என்று இன்னொரு பிடி விழும். அதற்குப் பசி தீர்வதே இல்லை. இரைப்பையே இல்லாத மீன் அது, உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. முதல் மாதம் நாளுக்கு ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும்.

மீன் சோர்ந்தால் உடனே கடையில் தரும் நீல மருந்தை ஊற்றாதீர்கள். அது பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும். முதலில் கால் பங்கு, தேவையானால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், ஒருநாள் தீனியை நிறுத்துங்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு கரைத்து விடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் தீனி கூடாது. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு சொம்பு போதும். மணிக்கொரு தரம் மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே பத்து முறை ஊற்றுங்கள்.

கடைசியாக, தங்க மீனோடு "டேங்க் கிளீனர்" என்று ஒரு கறுத்த மீனைச் சேர்த்துக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். அது பெரிதானதும் இரவில் தங்க மீனின் உடம்பில் ஒட்டி மேல்தோலின் வழுவழுப்பை உறிஞ்சும். தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுவார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. தங்க மீனும் வெளிநாட்டு மீன்தான். வளர்க்க முடியவில்லை என்றால் சேலையூர் ஏரிக்கோ சிட்லபாக்கம் ஏரிக்கோ எடுத்துப் போகாதீர்கள். வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள். காசு திரும்ப வராது, மீனை அநேகமாக வாங்கிக்கொள்வார்கள்.