காலை ஒளியும் கல்லெழுத்தும்

1858ஆம் ஆண்டில் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் ஒளிப்படங்களாக எடுத்தார். மெழுகூட்டிய தாளில் நெடுநேரம் ஒளி விழுந்தாலன்றி உருப் பதியாத காலம் அது. அசைவன மங்கின, அசையாக் கற்றளியே நிலைத்தது. அவ்வாண்டே தஞ்சைப் பெருங்கோயிலின் சாசன வரிகளை 21 படங்களாக எடுத்து இணைத்தார்.

அன்று குறைநின்ற திருவரங்கத் தெற்கு இராசகோபுரம் 1987இல் நிறைவெய்தியது. திருப்பணி கோயிலை வளர்ப்பது. ஆயினும் பூசிய சுண்ணமும் வண்ணமும் பழைய கல்லெழுத்தை மறைப்பதும் உண்டு. எழுத்து மறையின் முன்னோர் வைத்த நிவந்தத்தின் சான்றும் மறையும்.

ஆதலின் திருப்பணி தொடங்குமுன், ஆலயம் அமைந்திருக்கும் விடியற்பொழுதில் படமெடுத்து வைத்தல் வேண்டும். சாய்ந்து படியும் இளவெயிலில் எழுத்தின் குழிவுதோறும் நிழல் தங்கும். தேய்ந்த வரியும் புலனாகும். இன்று தம் பெயரைக் கல்லிற் பொறிக்கும் கொடையாளர், அன்று பொறித்தவர் பெயரையும் காத்தல் சிவபுண்ணியமாம்.

திருச்சிற்றம்பலம்.