சுண்ணாம்பு நீரில் விளையும் வில்லைகள்



தெளிந்த சுண்ணாம்பு நீரைக் காற்றுப்பட வைத்தால் அதன்மேல் மெல்லிய ஆடை படர்வதை நாம் கண்டிருக்கிறோம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு, கரைந்த சுண்ணாம்புடன் கூடிக் கல்சியம் காபனேற்றாவதால் உண்டாவதே அவ்வாடை. நெடுந்தீவின் கோட்டையையும் மதில்களையும் ஆக்கிய பவளக்கல்லும், நம் கரைகளில் ஒதுங்கும் சிப்பியும் இதே பொருள்தான். இப்பொருளினால் கண்ணுக்குப் புலனாகாத சிறு வில்லைகளை ஆக்கலாம் என்பதே நாம் சொல்லவந்த செய்தி.

இதற்கு வழிகாட்டியது ஒரு கடற்பிராணி. நட்சத்திர மீனுக்கு உறவான, ஐந்து நீண்ட கைகளையுடைய ஒபியோகோமா என்பதன் ஓர் இனம் கரிபியன் கடலில் வாழ்கிறது. அதன் கைகளின் மேலோட்டில் கல்சைற்றுக் குமிழ்கள் அணியணியாக உள்ளன என்றும், ஒவ்வொன்றும் ஒளியைக் குவிக்கிறது என்றும் 2001ஆம் ஆண்டில் யோவானா ஐசன்பேர்க் குழுவினர் காட்டினர். ஒரு குமிழின் அகலம் மில்லிமீற்றரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. கல்சைற்றுப் பளிங்கினூடே நோக்கினால் எழுத்து இரட்டையாகத் தோன்றும். அக்குறை நேராவண்ணம் இங்கே பளிங்கின் அச்சு வில்லையின் அச்சோடு ஒன்றி நிற்கிறது. ஒளியை உணரும் கலங்கள் குமிழ்களின் கீழன்றி அவற்றின் இடையிலேயே உள்ளன என 2018இல் ஓர் ஆய்வு கண்டது. ஆகவே, அப்பிராணி இவ்வில்லைகளாலேயே காண்கிறது என்ற முதற் கருத்து தளர்ந்தது. ஆயினும் அவை ஒளியைக் குவிப்பது உண்மையே.

2012ஆம் ஆண்டில் ஜேர்மனி, கொரியா நாட்டு ஆராய்ச்சியாளர் இதனைப் பின்பற்ற முயன்றனர். சுண்ணாம்பு நீரில் சவர்க்கார இயல்புள்ள பொருளொன்றைச் சிறிது கலந்து காற்றுப்பட வைத்தனர். படர்ந்த ஆடையிலே, சில மைக்கிரோமீற்றர் அகலமுள்ள வில்லைகள் நிரைநிரையாக விளைந்தன. அவை பளிங்குருப் பெறாத கல்சியம் காபனேற்றாதலின் இரட்டைத் தோற்றம் தருவதில்லை. கண்ணாடியை உருக்க ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும்; இவற்றிற்கோ அறையின் வெப்பமே போதும்.

நமது பவளப் பார்களின் கல்லிடுக்குகளிலும் அப்பிராணியின் உறவினங்கள் வாழ்கின்றன. பாரை உடைத்துச் சூளையிலிட்டால் ஒருமுறை சுண்ணாம்பு கிடைக்கும். அங்கு வாழ்வனவும் அவற்றோடு நாம் கற்கவேண்டியனவும் அழியும். ஊர்காவற்றுறை முதல் நயினாதீவு, நெடுந்தீவு வரை கடலைப் பார்த்து வளர்ந்த வாலிபர் அதனை ஆராயவும் முன்வரவேண்டும்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் சங்க நூல்நிலையத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டி வாங்கித் தாருங்கள். சுண்ணாம்பாடையிலும் சிப்பியிலும் நம் பிள்ளைகள் முதலில் நோக்கட்டும். கேள்விகள் தாமே பிறக்கும்.