விசையும் விளக்கும்: நம் இளைஞர் பயில வேண்டிய தொழில்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புணே நகரையும், அதனை அடுத்த பிம்பிரி, சிஞ்ச்வட், சாக்கன் ஆகிய ஊர்களையும் வாழ்விப்பதில் மோட்டார்த் தொழிலுக்குப் பெரும் பங்குண்டு என்பதை இங்கு எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் ஆராய்ச்சி நிலையம் 1966-ஆம் ஆண்டில் தோன்றியதும் இந்நகரிலேயே. அத்தொழிலை நம்பி ஊர்விட்டு வந்தோர் நம்முள் பலர். ஆகவே, அதில் இன்று நேர்ந்துவரும் மாறுதலையும், அதற்கேற்ப நம் பிள்ளைகள் பெற வேண்டிய பயிற்சியையும் பற்றிச் சில கூற விழைகிறோம்.

முற்காலத்து மோட்டார் வண்டியின் முகப்பில் எரிந்தது அசெட்டிலின் வாயு விளக்கு. கைப்பிடியைச் சுழற்றியே எஞ்சினை எழுப்பினர். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் மின்விளக்கும் மின்சார ஸ்டார்ட்டரும் ஒருங்கே அமைந்தன. அன்று விளக்கேற்ற வந்த மின்சாரம் இன்று சக்கரத்தையே சுழற்றுகிறது.

மின்வண்டியின் பாட்டரி தருவது நேர்மின்னோட்டம். பெரும்பாலான மின்வண்டி மோட்டார்களுக்கு வேண்டுவதோ மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இன்வெர்ட்டர். அதனுள் அமைந்த குறைகடத்தி விசைகள் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. அவற்றுள் ஐ.ஜி.பி.டி. என்னும் விசையை 1980-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் உருவாக்கியவர் ஜயந்த் பாலிகா. சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-இல் பட்டம் பெற்ற அவருக்கு, 2024-இல் பின்லாந்து நாட்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது.

விளக்கும் அவ்வாறே மாறிவிட்டது. நீலநிற எல்.இ.டி.யைக் கண்ட அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த நீல ஒளியிலிருந்தே வண்டியின் வெள்ளொளி பிறக்கிறது. பழைய பல்பு தன் வெப்பத்தை முன்னே வீசியது, எல்.இ.டி.யின் வெப்பமோ பின்புறம் தேங்குகிறது. அதனை உலோகத் தகட்டின் வழியே வெளியேற்ற வேண்டும். மின்னோட்டத்தையும் அளவோடு செலுத்த வேண்டும். தவறினால் விளக்கு விரைவில் மங்கும்.

பழைய பட்டறையில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் ஒரு ஃபியூஸ் போகும். இன்றோ உயிரே போகலாம். அறுபது வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் வண்டிகளில் ஆபத்தானதாகக் கொள்ளப்படுகிறது. மின்கார்களிலோ முந்நூறு, நானூறு வோல்ட் என்பது இயல்பு. ஆரஞ்சு நிறக் கம்பிகள் அதற்கான எச்சரிக்கை. இணைப்பைத் துண்டித்த பின்னும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். உரிய கையுறை அணிந்து, குறித்த நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லையென்று மீட்டரால் உறுதி செய்த பிறகே கைவைக்க வேண்டும். "தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்" என்ற பழைய பாடம் இங்குச் செல்லாது.

விளக்கிலும் பிறர் உயிர் அடங்கியிருக்கிறது. இழை பல்புக்கென வடித்த பிரதிபலிப்பானில் கடைத்தெருவில் வாங்கிய எல்.இ.டி.யைப் பொருத்தினால், ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். தாழ்ந்த ஒளிக்கற்றை, பொதுவாகப் பத்து மீட்டர் தொலைவில் பத்து சென்டிமீட்டர் இறங்கியிருத்தல் வேண்டும். இதனை அளந்து திருத்த அறியாதவர் விளக்கில் கைவைத்தல் தகாது.

பட்டம் பெற்றால்தான் பெருமை என்று எண்ணும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஐ.டி.ஐ.க்களில் மின்வண்டி மெக்கானிக் பயிற்சி உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உதவித்தொகை பெற்றே தொழில் பழகும் வழியும் உண்டு. எங்குச் சேர்த்தாலும் முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மாணவன் தன் கையாலேயே பிரித்து அளந்து பழகுகிறானா? காப்பு முறைகளை முதற்பாடமாகக் கற்பிக்கின்றனரா? பழுதின் காரணத்தைக் காணக் கற்கிறானா, அன்றிப் பொருளை மாற்றிப் பொருத்த மட்டுமா? திரையில் படம் காட்டிச் சான்றிதழ் வழங்குவதோடு நிற்பது பயிற்சி ஆகாது. இக்கல்வி பெண்மக்களுக்கும் உரியது. இங்கு வேண்டுவது தோள்வலி அன்று, கவனம்.

நம்மிடையே முப்பது ஆண்டுகள் பட்டறையில் உழைத்தோர் உளர். ஓசையைக் கேட்டே எஞ்சினின் நோயை அறியும் அவர்களுடைய அறிவை வீணாக்கலாகாது. அதனோடு மீட்டரின் மொழியும் சேர வேண்டும். கையேடுகளின் ஆங்கிலம் அவர்களுக்குச் சுவராய் நிற்கிறது. ஓமின் விதியையும் மின்காப்பு முறையையும் தமிழில் விளக்கினால் அச்சுவர் தகரும். நம்முள் பொறியியல் கற்றோர் வாரத்தில் ஒரு மாலையைத் தந்தால், சங்கக் கூடமே அதற்குப் பள்ளியாகும். தமிழைக் காக்கத் தொடங்கிய சங்கம், தமிழால் தொழிலாளரைக் காப்பதும் அதன் கடமையே அன்றோ?

முன்வருவோர் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!