கேட்கும் சபையில் உட்காருவது யார்?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தசராவுக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால் அரண்மனையைக் காட்டுகிறோம். டவுன் ஹாலைக் காட்டுவதில்லை. ரங்காச்சார்லு நினைவு மண்டபம் என்பது அதன் பெயர். செங்கல்பட்டுச் சீமையில் பிறந்து, சென்னை மாகாண உத்தியோகத்திலிருந்து இங்கே வந்து திவானானவர் அவர். 1881-ல் மைசூர் பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டியவர். சமஸ்தானங்களில் அப்படியொரு சபை அதுவே முதலாவது.

பெருமைதான். ஆனால் அதில் உட்கார்ந்தவர் யார்? 144 பேர், நிலமுள்ளவர்களும் வியாபாரிகளும். தசராவையொட்டிக் கூடுவார்கள். திவான் அறிக்கை வாசிப்பார். இவர்கள் குறைகளைச் சொல்வார்கள், கலைவார்கள். ஏற்பதும் தள்ளுவதும் அரசின் இஷ்டம். கூலிக்காரனுக்கும் சேரிக்காரனுக்கும் பெண்களுக்கும் அங்கே நாற்காலி கிடையாது.

அது தானாக மாறிவிடவில்லை. 1917-ல் பிரஜா மித்ர மண்டலி என்ற பிராமணரல்லாதார் அமைப்பு கிளம்பி மகாராஜாவிடம் முறையிட்டது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918-ல் நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு போட்டார். ஏழாண்டுக்குள் உயர் பதவிகளில் பாதியும், கீழ்ப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணரல்லாதாருக்குச் சேர வேண்டும் என்றது குழு. அணைக்கட்டுக்காக நாமெல்லாம் கும்பிடுகிற விசுவேசுவரய்யாவுக்கு இந்தப் போக்கு பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1923-ல் சபைக்கே சட்டம் வந்தது. ஓட்டுக்கு வேண்டிய சொத்துத் தகுதி குறைந்தது, பெண்களுக்கு இருந்த தடை போயிற்று, சட்டம் செய்யுமுன் சபையைக் கேட்டாக வேண்டும் என்றாயிற்று.

அந்தச் சபை 1949-ல் முடிந்துபோனது. இன்று சமூகநீதி பற்றி அரசுக்கு யோசனை சொல்வது மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம். நம் ஹுன்சூர்ப் பக்கத்து தேவராஜ் அர்ஸ் 1972-ல் அமைத்த ஹாவனூர் ஆணையம் வழி திறந்தது. 1995-ல் நிரந்தர ஆணையத்துக்குச் சட்டம் வந்தது. அதன் யோசனை சாதாரணமாக அரசைக் கட்டுப்படுத்தும் என்பது சட்டம். ஆனால் உறுப்பினர்களை நியமிப்பது அரசே.

நம் பிள்ளைகள் சான்றிதழுக்குப் போனால் முதல் கேள்வி, "எந்த ஊர்?" ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியார் பிழைக்கப் போன மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் சொன்னது, 2018-லும் அதையே சொன்னது. அதை ஆணையம் மாற்ற முடியாது, டெல்லியில்தான் பேசவேண்டும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்று விசாரிப்பது மட்டும் ஆணையத்தின் வேலை. 2025-ல் வீடு வீடாகக் கணக்கும் எடுத்தார்கள். விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிற வாடகை வீட்டில் யார் இருந்து பதில் சொல்வது?

ஆகவே கேட்கிறோம்: பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்களிலிருந்து ஒருவரை ஆணையத்தில் நியமிக்க வேண்டும். விசாரணையை ஞாயிற்றுக்கிழமை வைக்கவேண்டும். ஒருநாள் கூலியை இழந்து எவன் வருவான்? தமிழில் எழுதிய மனுவையும் வாங்கவேண்டும். கன்னடத்துக்கு எதிராக அல்ல. நம் பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள், பாட்டிமார்களுக்குத்தான் எழுதத் தெரியாது.

மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைக்கலாம். மை டப்பியும் அங்கேயே இருக்கிறது.