தவிர்த்தல் என்னும் வினை



விழாக்காலத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் சொற்களுள் ஒன்று 'தவிர்த்தல்'. இரவுணவைத் தவிர்த்தல், கிழங்கு வகைகளைத் தவிர்த்தல், கடுஞ்சொல்லைத் தவிர்த்தல் எனப் பலவாறு அது வழங்குகிறது. நாள்தோறும் வழங்குவதனாலேயே அதன் பொருளாழம் கவனிக்கப்படாமற் போவதுண்டு.

அண்ணனூர் நிலையத்தில் காலை வேளையில் இருவர் நிற்பதாகக் கொள்க. இருவரும் ஒரே மின்தொடர் வண்டியில் ஏறவில்லை. ஒருவர் நடைமேடையை அடையுமுன் வண்டி புறப்பட்டுவிட்டது. மற்றவரோ நெரிசலைக் கண்டு, அடுத்த வண்டியில் செல்லலாம் என நின்றுவிட்டார். முன்னவர் வண்டியைத் தவறவிட்டார், பின்னவர் தவிர்த்தார். விளைவு ஒன்றே, வினை வேறு. தவறவிடுவதற்குக் கருத்து வேண்டுவதில்லை. தவிர்ப்பதற்குக் கருத்து வேண்டும். செய்யக்கூடிய நிலையும் வேண்டும்.

வரலாறும் இதற்குச் சான்றாகிறது. கி.பி. 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் புகழ்பெற்றான். சுங்கம் பெறும் உரிமை உடையவன் அதனை நீக்கியதால் அப்பெயர் பெற்றான். அவ்வுரிமை இல்லாத குடிமகன் ஒருவனைச் சுங்கம் தவிர்த்தவன் எனக் கூறுதல் பொருந்தாது. கையில் இருப்பதை விடுவதே தவிர்த்தல்; கிடைக்காததை நுகராமை தவிர்த்தல் ஆகாது.

சமண அறநூல்கள் இவ்வேறுபாட்டை நுணுகி ஆராய்ந்துள்ளன. இல்லறத்தார் ஒழுக்கத்தைக் கூறும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், ஆசாரியர் சமந்தபத்திரர் விரதத்தின் இலக்கணத்தை வரையறுக்கிறார். தீங்கு தருவதை விடவேண்டும். சான்றோர்க்குத் தகாததையும் விடவேண்டும். ஆயினும், நுகரத்தக்க பொருளினின்றும் கருதி விலகுவதே விரதமாகும் என்பது அவர் கருத்து. சர்க்கரை நோய்க்கு அஞ்சி இனிப்பை விடுபவர் உடலைக் காக்கிறார், அதுவும் நன்றே. நலமுடன் இருந்தும், இனிப்பு எதிரில் இருந்தும், உறுதி பூண்டு விலகுபவரே விரதியாகிறார்.

இனி, தவிர்த்தலின் வேடம் பூண்டு வரும் சொற்களும் உள. கடமையினின்று விலகுதல் தட்டிக்கழித்தல். கேள்விக்கு விடை கூறாது விலகுதல் நழுவுதல். இவற்றிலும் கருத்து உண்டு. ஆனால் அக்கருத்து தன்னலம் பற்றியது. முதிய தாயின் தொலைபேசி அழைப்பை எடுக்காதிருக்கும் மகன், "தவிர்த்துவிட்டேன்" எனக் கூறலாம். அவன் செய்தது நழுவுதலே.

'தவிர்க்க இயலாத காரணத்தால்' என்னும் தொடர் விடுப்பு விண்ணப்பங்களில் வழிவழியாக இடம்பெறுகிறது. அறவாழ்விலும் இத்தொடருக்கு இடம் உண்டு. சமணம் இம்சையை நான்கு வகையாகப் பகுக்கிறது: கருதிச் செய்வது, இல்லப்பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இவற்றுள் கருதிச் செய்வதை இல்லறத்தார் முற்றும் விடவேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்கவேண்டும். அடுப்பு மூட்டாமலும் வீடு பெருக்காமலும் குடும்பம் நடவாது என்பதை அறநூல் அறிந்தே உள்ளது. ஆனால் 'இயலாது' என்னும் வாயில் குறுகியது. நீரை வடிகட்டச் சோம்பியவர் அவ்வாயில் வழியே நுழைதல் முறையன்று.

இவ்வினையிலிருந்து 'தவிர' என்னும் இடைச்சொல்லும் பிறந்தது. "அவரைத் தவிர அனைவரும் வந்தனர்" என்னும்போது ஒரு மனிதர் வெளியே நிற்கிறார். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். கிழங்கைத் தவிர்ப்பவர், கிழங்கு உண்ணும் அண்டை வீட்டாரையும் தவிர்க்கத் தொடங்கினால், விரதம் புறக்கணிப்பாகத் திரிந்துவிடும். பொருளை விலக்கப் பிறந்த சொல் மனிதரை விலக்கும் கருவியாகிவிடும். ஓர் உயிர்க்கும் ஊறு நேராதிருக்க மேற்கொண்ட நோன்பு, எதிர்வீட்டுக் குழந்தையின் மனத்தைப் புண்படுத்துமாயின் அதன் நோக்கமே அழிகிறது.

ஆகவே, விழா நாள்களில் எதைத் தவிர்ப்பது எனப் பட்டியலிடும் இல்லங்கள், யாரையும் தவிர்த்துவிடவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்க. உணவில் விலக்கு இருக்கட்டும். உறவில் விலக்கு வேண்டா.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!