கசடும் கூட்டுறவும்
(சதுரங்கப்பட்டினத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் ஊர் கடலோர மணற்பாங்கானது. மலக்குழியின் கசிவு கிணற்றை எளிதில் எட்டிவிடும் என்பதை நாம் அறிவோம். கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு கேடும் அக்குழியிலிருந்து எழுகின்றது. காற்றுப் புகாத இடத்தில் கசடு அழுகுங்கால் மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு உலகை வெப்பமுறச் செய்ய வல்லது. வெப்பம் மிகுந்தால் கடல் மட்டம் உயரும். முதல் இடர் கரையோரத்தாராகிய நமக்கே.

இதற்கு வழி யாது? நம் மாவட்டத்துக் கருங்குழியைப் பாருங்கள். 2017-இல் அங்கே மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது. கருங்குழிப் பேரூராட்சிக்கும் மதுராந்தகம் நகராட்சிக்கும் அது பொதுவாக அமைந்தது. லாரிகள் கொணரும் கசடு படுகைகளில் வெயிலில் உலர்த்தப்படுகிறது. வடியும் நீர் தனியே சுத்திகரிக்கப்படுகிறது. உலர்ந்த கசடு மக்கிய குப்பையுடன் சேர்ந்து எருவாகிறது. காற்றுப்பட உலர்வதால் மீத்தேனும் குறைகிறது.

தனி ஊர் ஒன்றால் இயலாதது, ஊர்கள் கூடினால் இயலும். ஆதலின், மூன்றாண்டுக்கொரு முறையேனும் குழியை இயந்திரத்தால் துப்புரவு செய்யுங்கள். தக்க பாதுகாப்பு ஏற்பாடின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏரியிலும் ஓடையிலும் கசடு கொட்டும் லாரிகளைத் தடுங்கள். அண்டை ஊராட்சிகளுடன் கலந்து, பொது நிலையம் வேண்டித் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.